ஒரே ஒரு சனிக்கிழமை: காலேஜ் ஸ்டேஷனா, ஆன் ஆர்பரா, சவுத் பெண்டா?

ஆகஸ்ட் பிறந்ததும் இரண்டு வகையான ஆட்கள் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். எம்.எஸ். படிக்க வந்து இறங்கிய பிள்ளைகள் ஒரு வகை. அப்பா அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து, அவர்களை எங்கெல்லாம் கூட்டிப்போகலாம் என்று யோசிப்பவர்கள் இன்னொரு வகை. "பல்கலைக்கழக ஃபுட்பால் என்றால் ஊரே திரண்டுவிடுமாமே, ஒரு தடவை போய்ப் பார்க்கணும். எங்கே போகலாம்?"

இங்கே ஃபுட்பால் என்பது நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அவர்கள் கையில் இருப்பது ஒரு சனிக்கிழமை. செலவழிக்கத் தயாராக இருப்பதும் ஒரு தடவைக்குத்தான். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று இடங்களுக்கு நடுவில்தான் குழப்பம்: டெக்சாஸ் ஏ அண்ட் எம், மிச்சிகன், நோட்டர் டாம் பல்கலைக்கழகங்கள். தலைப்பில் இருப்பவை அவற்றின் ஊர்கள். மூன்றுக்கும் நான் போயிருக்கிறேன். இம்மூன்றில் எது பெரிய டீம் என்ற வாதத்துக்குள் நுழையப் போவதில்லை. முதல் தடவை போகிறவருக்கு ஆட்டத்தைவிட, ஆட்டத்தைச் சுற்றி நூறு வருடமாக வளர்ந்து நிற்கும் வழக்கங்கள்தான் மனதில் தங்கும். அந்த வழக்கங்களை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறேன்.

நம் ஊர்த் தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வடம் பிடித்து இழுக்க வருவார். ஒருவர் நாலு வீதியிலும் நெரியும் கூட்டத்தோடு நின்று தேர் அசைந்து வருவதைப் பார்க்க வருவார். இன்னொருவர் தேர் நகர்ந்த பிறகு, ஓய்ந்த பிரகாரத்தை நிதானமாகச் சுற்றிவருவார். நீங்கள் இவர்களில் யார் என்பது தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டது.

முதலில், எதை எதைப் பார்க்க வேண்டும்?

ஆட்ட விதி தெரியாமலே ரசிக்க முடியுமா என்பது முதல் கேள்வி. பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, எல்லைக் கோட்டைக் கடந்தால் டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைப் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித்தருவார். ஆனால் மூன்றரை மணி நேரம் இழுக்கும் ஆட்டத்தில் பாதிக்கு மேல் பந்து சும்மாதான் கிடக்கும். அந்த இடைவெளியை அந்த ஊர் எதைக்கொண்டு நிரப்புகிறது என்று பாருங்கள்.

அடுத்தது உடம்பு. எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், இருக்கைக்கு முதுகு உண்டா, வெயிலா, குளிரா, பார்க்கிங்கிலிருந்து எவ்வளவு நடை? அறுபத்தைந்து வயது அம்மாவோடு போகிறவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, டிக்கெட்டில் எழுதியிராத செலவு. ஆட்ட வார இறுதியில் இந்தச் சின்ன ஊர்களில் ஹோட்டல் வாடகை பல மடங்கு ஏறும். வெள்ளி, சனி இரண்டு இரவுக்குச் சேர்த்து எடுத்தால்தான் அறை என்பார்கள். பார்க்கிங் கட்டணம் தனி. தோளில் மாட்டும் சாதாரணப் பையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிறிய, ஒளி ஊடுருவும் பை மட்டும்தான் பொது விதி. அதிலும் இடத்துக்கு இடம் மாறுதல் உண்டு என்பதால், கிளம்பும் முன் அந்தந்த மைதானத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, நேரம். பல ஆட்டங்களுக்குத் தொடக்க நேரத்தைத் தீர்மானிப்பது டி.வி. நிறுவனங்கள், அறிவிப்பு ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்புதான் வரும். மதியம் பன்னிரண்டு மணியா, இரவு ஏழு மணியா என்று தெரியாமல் விமான டிக்கெட் எடுப்பது சூதாட்டம்.

| | டெக்சாஸ் ஏ அண்ட் எம் | மிச்சிகன் | நோட்டர் டாம் |
|---|---|---|---|
| ஊர் | காலேஜ் ஸ்டேஷன், டெக்சாஸ் | ஆன் ஆர்பர், மிச்சிகன் | சவுத் பெண்ட், இந்தியானா |
| ஃபுட்பால் தொடங்கிய ஆண்டு | 1894 | 1879 | 1887 |
| மைதானம் | கைல் ஃபீல்டு | மிச்சிகன் ஸ்டேடியம் | நோட்டர் டாம் ஸ்டேடியம் |
| கொள்ளளவு | 1,02,733 | 1,07,601 | 77,622 |
| பக்கத்துப் பெருநகரம் | ஹூஸ்டன், சுமார் 150 கி.மீ. | டெட்ராய்ட் விமான நிலையம், சுமார் 40 கி.மீ. | சிகாகோ, சுமார் 150 கி.மீ. |
| உயிர் எங்கே இருக்கிறது | வெள்ளி நள்ளிரவிலும் மாணவர் பகுதியிலும் | மைதானத்துக்குள், கூட்டத்தில் | வளாகம் முழுவதும் |
| உடம்புக்கு | நிற்க வேண்டும். வெயில் | முதுகில்லாத பெஞ்சு. கடைசி மாதம் குளிர் | நடை அதிகம். மற்றபடி எளிது |

டெக்சாஸ் ஏ அண்ட் எம்: வடம் பிடிக்க வருகிறவர்களுக்கு

மூன்றில் நான் அதிகம் சொல்ல விரும்பும் இடம் இதுதான்.

1922 ஜனவரி 2. டல்லஸில் ஏ அண்ட் எம் அணி சென்டர் காலேஜோடு ஆடுகிறது. சென்டர் காலேஜ் அப்போது சாதாரண அணி இல்லை. முந்தைய அக்டோபரில்தான் ஹார்வர்டை வீழ்த்தி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தது. ஏ அண்ட் எம் ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியேறுகிறார்கள். மாற்று ஆள் தீர்ந்துவிடும் நிலை. கோச் டானா பைபிளுக்கு ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். ஈ. கிங் கில் என்ற அந்த மாணவர் கூடைப்பந்துக்காக ஃபுட்பாலை விட்டுவிட்டு, அன்றைக்குப் பத்திரிகையாளர் பகுதியில் ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். கீழே கூப்பிட்டார்கள். அடிபட்ட ஒருவரின் உடையை வாங்கி மாட்டிக்கொண்டு ஓரத்தில் வந்து நின்றார். ஏ அண்ட் எம் 22–14 என்று ஜெயித்தது. கில் கடைசிவரை களத்தில் இறங்கவே இல்லை. அழைப்பு வந்தால் இறங்கத் தயாராக நின்றார், அவ்வளவுதான்.

அந்த நிற்றல்தான் இன்றைக்கும் வழக்கம். களத்தில் பதினொரு பேர். அரங்கில் இருக்கும் மாணவர்கள் அத்தனை பேரும் பன்னிரண்டாவது ஆள். ஆகவே ஆட்டம் முடியும்வரை மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை. 1983-இல் கோச் ஜாக்கி ஷெரில் இதை ஒரு படி மேலே கொண்டுபோய், விளையாட்டு உதவித்தொகை இல்லாத சாதாரண மாணவர்களைக்கொண்டே, பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது இறங்கும் கிக்‌ஆஃப் குழு ஒன்றை அமைத்தார். இப்போதும் அப்படிப்பட்ட ஒரு மாணவருக்குத்தான் 12-ஆம் எண் சட்டை போகிறது.

இங்கே சியர்லீடர்கள் கிடையாது. மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐந்து 'யெல் லீடர்'கள், வெள்ளை உடையில், கைச்சைகையால் அடுத்த கோஷம் எது என்று காட்டுவார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் அதே சைகையைப் பின்வரிசைக்குக் காட்ட, அது மேல்தளம்வரை அலையாகப் போகும். பிறகு பல்லாயிரம் பேர் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து ஒரே குரலில் கத்துவார்கள். விதி தெரியாத ஒருவருக்கும் இதில் இடம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் குனிந்தால் நீங்களும் குனிய வேண்டும், அவ்வளவே. 'போர்ப்பாட்டு' வரும்போது எல்லோரும் தோளில் கை போட்டு, ஒரு வரிசை இடமும் அடுத்த வரிசை வலமுமாக அசைவார்கள். கான்கிரீட் தளம் காலடியில் அசைவது தெரியும். முதல் தடவை எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சுற்றி நின்ற யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் காலேஜ் ஸ்டேஷனுக்குப் போகிறவர் சனிக்கிழமைக்கு முன்பே போய்விட வேண்டும். உள்ளூர் ஆட்டத்துக்கு, அதாவது சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு, முந்தைய இரவு, சரியாக நள்ளிரவில், கைல் ஃபீல்டு திறக்கப்படும். 1930-களின் தொடக்கத்திலிருந்து நடக்கும் நள்ளிரவுக் கோஷப் பயிற்சி அது. அனுமதி இலவசம். பேண்ட் வாத்தியக் குழு முன்னால் அணிவகுத்து வர, பல்லாயிரக்கணக்கானவர்கள் உள்ளே நிறைவார்கள். யெல் லீடர்கள் எதிரணியைப் பற்றிக் கதை அளப்பார்கள். முடிவில் விளக்குகளை அணைப்பார்கள். இணையோடு வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள். இணையில்லாதவர்கள் லைட்டரைக் கொளுத்தி உயர்த்திப் பிடிப்பார்கள், இருட்டில் ஒருவரையொருவர் கண்டுகொள்ள. அப்பா அம்மாவைக் கூட்டிப்போவதென்றால் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ரெவெய்லி என்ற நாயையும் விட்டுவிட முடியாது. முதல் ரெவெய்லி 1931-இல் வந்தது. இப்போதெல்லாம் கோலி இனத்து நாய். ராணுவப் பயிற்சி பெறும் மாணவர் படையான 'கார்ப்ஸ் ஆஃப் கேடட்ஸ்' அமைப்பில் அதற்குத்தான் மிக உயர்ந்த பதவி. இறந்துபோன ரெவெய்லிகளை மைதானத்தின் வடக்கு வாசலருகே அடக்கம் செய்திருக்கிறார்கள். விரிவாக்கத்தில் கட்டடம் மறைத்துவிட்டதால், அவை பார்க்கும்படி தனியாக ஒரு ஸ்கோர்போர்டு வைத்திருக்கிறார்கள். இதைச் சிரிப்பதற்காக அவர்கள் செய்யவில்லை. அங்கே போய் நின்றால் உங்களுக்கும் சிரிப்பு வராது.

இந்த மரபுகளுக்கு ஒரு கனத்த பக்கமும் உண்டு. முன்பெல்லாம் ஆண்டுதோறும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடும் ஆட்டத்துக்கு முன்பு மரக்கட்டைகளை அடுக்கிப் பெரும் நெருப்பு மூட்டுவார்கள். 1909-இல் தொடங்கிய வழக்கம். 1999 நவம்பர் 18 அதிகாலை, கட்டிக்கொண்டிருந்தபோதே அந்த அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். அடுத்த வாரம் நடந்த ஆட்டத்தின் இடைவேளையில், நூறு வருட எதிரியான டெக்சாஸின் பேண்ட் இரங்கல் இசை வாசித்துத் தொப்பியைக் கழற்றி நின்றது. வளாகத்தில் பிறகு ஒருபோதும் அந்த நெருப்பு எரியவில்லை. சரிந்த இடத்தில் இப்போது நினைவிடம். வட்டமாக 12 வாசல்கள். ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. வாசல்களை இணைக்கும் 27 கற்கள் காயமடைந்தவர்களுக்கானவை. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்கி அங்கே போகாமல் ஊர் திரும்பாதீர்கள். மரபு ஒரு ஊரை எப்படித் தாங்கும், எதுவரை கொண்டுபோய்விடும் என்று இரண்டும் அங்கே தெரியும்.

*மறைந்திருக்கும் செலவு:* செப்டம்பர் டெக்சாஸ் வெயில். பகல் ஆட்டமென்றால் 35 டிகிரிக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் பகுதி கிழக்குப் பக்கம். மாலை வெயில் நேரே முகத்தில் விழும். மேற்குப் பக்க இருக்கைகளில் நிழல் முதலில் வரும், அதற்கேற்ப விலையும் கூடுதல். ஹூஸ்டனிலிருந்து காரில் வருவதுதான் பெரும்பாலானவர்களுக்கு வழி. நள்ளிரவுப் பயிற்சி பார்க்க வேண்டுமானால் வெள்ளி இரவு ஹோட்டல் தவிர்க்க முடியாது. வளாகத்தில் மெமோரியல் ஸ்டூடண்ட் சென்டரைச் சுற்றியுள்ள புல்லில் கால் வைக்காதீர்கள். உள்ளே தொப்பியையும் கழற்றிவிட வேண்டும். போரில் இறந்த மாணவர்களின் நினைவாக எழுந்த கட்டடம் அது. தெரியாமல் மிதித்தால் யாராவது மரியாதையாகவே சொல்லிவிடுவார்கள்.

*இதுவே சிறந்தது எப்போது:* நண்பர்களோடு போகும்போது. முழங்கால் சொன்னபடி கேட்கும் வயதில். ஹூஸ்டனில் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஞாயிறு மாலை பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கும் போய்வந்துவிடலாம்.

மிச்சிகன்: கூட்டத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு

மிச்சிகன் ஸ்டேடியம் வெளியிலிருந்து பெரிதாகத் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். மைதானத்தின் பெரும்பகுதி தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியது. தெருமட்டத்து வாசலில் நுழைந்து நாலு எட்டு வைத்தால், திடீரென்று காலடியில் பள்ளம் விரியும். அதன் சரிவெல்லாம் மஞ்சளும் நீலமுமாக லட்சம் தலைகள். அந்த ஒரு நொடிக்காகவே போகலாம்.

1927-இல் 72,000 பேருக்காகத் திறந்தபோதே, ஒருநாள் லட்சம் பேர் வருவார்கள் என்று நம்பிக் கட்டியவர் கோச்சாக இருந்து நிர்வாகியான ஃபீல்டிங் யோஸ்ட். 1901 முதல் 1905 வரை அவருடைய அணிகளை 'நிமிடத்துக்கு ஒரு புள்ளி' அணிகள் என்றார்கள். 1902 புத்தாண்டன்று நடந்த முதல் ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று அடித்தது அதில் முதல் அணி. 1975 நவம்பரிலிருந்து, கோவிட் காலம் நீங்கலாக, இங்கே ஓர் உள்ளூர் ஆட்டம்கூட லட்சம் பேருக்குக் குறைந்து நடந்ததில்லை. 2013 செப்டம்பர் 7-இல் நோட்டர் டாமோடு ஆடிய இரவு ஆட்டத்துக்கு 1,15,109 பேர் வந்தார்கள்.

கொள்ளளவு எண்ணின் கடைசி '1'-ஐக் கவனியுங்கள். 1,07,601. அந்த ஒற்றை இருக்கை மறைந்த கோச் ஃப்ரிட்ஸ் கிரைஸ்லருக்கு. அது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. 1938-இல் தலைக்கவசத்தில் இறக்கை போன்ற மஞ்சள் கோடுகளைக் கொண்டுவந்தவர் அவர்தான். எறிந்த பந்தைப் பிடிக்க ஓடும் தன் ஆளை, தூரத்திலிருந்தே எறிபவர் அடையாளம் காணட்டும் என்பது அவருடைய எண்ணம்.

இங்குள்ள வழக்கங்கள் சுருக்கமானவை, ஆனால் கச்சிதமானவை. ஆட்டத்துக்கு முன் பேண்ட் ஓட்டமாக நுழையும். அதன் தலைவர் தலை தரையில் படும்படி பின்னோக்கி வளைவார். 1898-இல் லூயி எல்பெல் என்ற மாணவர், மிச்சிகன் அணி சிகாகோ பல்கலைக்கழகத்தை 12–11 என்று வென்ற உற்சாகத்தில் எழுதிய 'தி விக்டர்ஸ்' பாடல் எழும்போது லட்சம் முஷ்டிகள் ஒன்றாக உயரும். ஆட்டக்காரர்கள் சுரங்கப்பாதையிலிருந்து ஓடிவந்து, நடுவில் விரித்துப் பிடித்த நீலப் பதாகையைக் குதித்துத் தொடுவார்கள், 1962-இல் தொடங்கியது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு 1930-களில் இந்தக் களத்தில் ஆடியவர். அவருடைய 48-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்துக் கௌரவித்தது மிச்சிகன்.

விமான நிலையத்திலிருந்து அரைமணி நேரப் பயணம். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், தங்க வீடு கிடைத்துவிடும். ஹோட்டலென்றாலும் புறநகரில் மலிவாக எடுக்கலாம். இடம் இவ்வளவு பெரியது என்பதால், செப்டம்பரில் சுமாரான அணியோடு ஆடும் ஆட்டத்துக்கு மறுவிற்பனையில் டிக்கெட் மற்ற இரண்டையும்விட எளிதாகக் கிடைக்கும். நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்றில் கைக்கு அடக்கமானது இதுதான்.

*மறைந்திருக்கும் செலவு:* பெஞ்சு. முதுகில்லாத நீள்பெஞ்சில் எண் மட்டும் எழுதியிருக்கும். உங்கள் எண்ணுக்கு உரிய அகலம், நவம்பரில் எல்லோரும் தடித்த கோட்டு போட்டு வந்தால், பாதியாகிவிடும். என் அப்பா இரண்டாம் பகுதி முழுக்க முழங்கையை மடியில் ஊன்றியே உட்கார்ந்திருந்தார். அப்புறம், செப்டம்பரில் எளிதில் கிடைக்கும் டிக்கெட், ஒஹையோ ஸ்டேட் ஆட்டத்துக்கு எட்டாத விலையில் நிற்கும். 1897-இல் தொடங்கிய அந்தப் பகை நவம்பர் கடைசி சனிக்கிழமை தீர்க்கப்படும். ஆன் ஆர்பரில் ஒற்றைப்படை ஆண்டுகளில், மற்ற ஆண்டுகளில் ஒஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில். 1969-இல் போ ஷெம்பெக்லர் கோச்சாக வந்து, தன் பழைய குருவான ஒஹையோவின் வூடி ஹேஸை 24–12 என்று வீழ்த்தியதிலிருந்து பத்து வருடம் நடந்ததைப் 'பத்தாண்டுப் போர்' என்றே சொல்கிறார்கள். அதைப் பார்க்க ஆசைப்படலாம். ஆனால் முதல் ஆட்டமாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குளிரும் விலையும் சேர்ந்து கவனத்தைத் தின்றுவிடும்.

*இதுவே சிறந்தது எப்போது:* பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போகும்போது. பணம் அளந்து செலவழிக்க வேண்டியிருக்கும்போது. செப்டம்பர் கடைசியோ அக்டோபர் முதல் வாரமோ, இலை நிறம் மாறத் தொடங்கும் நாட்களில்.

நோட்டர் டாம்: பிரகாரம் சுற்ற வருகிறவர்களுக்கு

நோட்டர் டாமுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததே மிச்சிகன்தான். 1887 நவம்பர் 23 அன்று மிச்சிகன் ஆட்டக்காரர்கள் சவுத் பெண்டுக்கு வந்து, முதலில் இரு பக்கத்து ஆட்களையும் கலந்து பிரித்து விளையாடிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு 8–0 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள். 1909-இல் மாணவன் குருவை முதல் தடவை வென்றான். அடுத்த ஆண்டு ஆட்டத்தை யோஸ்ட் ரத்து செய்தார். அதன் பிறகு 1942 வரை இரண்டும் மோதவே இல்லை.

கத்தோலிக்கக் குருமார் நடத்திய சின்னக் கல்லூரி அது. பக்கத்திலிருந்த பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் கூட்டமைப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை. எதிராளி தேடி நாடு முழுக்க ரயில் ஏற வேண்டியதாயிற்று. அதனால்தான் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும், அந்தக் கல்லூரியைக் கண்ணால் பார்த்திராத ஐரிஷ், இத்தாலியக் குடியேறிகள் இந்த அணியைத் தங்களுடையதாக வரித்துக்கொண்டார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் அணியாக அது வளர்ந்தது. இன்றைக்கும் ஃபுட்பாலில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்தே நிற்கிறது. 'சண்டைக்கார ஐரிஷ்காரர்கள்' என்று வெளியார் வைத்த பெயரை 1927-இல் தாங்களே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இந்தக் கதை எங்கே தைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நூட் ராக்னி, நார்வேயில் பிறந்து சிறுவனாக வந்தவர். 1913-இல் மாணவராக, நண்பர் கஸ் டொராய்ஸ் எறிந்த பந்துகளைப் பிடித்து ராணுவக் கல்லூரி அணியை 35–13 என்று சாய்த்தார். பந்தை முன்னோக்கி எறிந்து ஆடும் முறையை நாடு கவனித்தது அன்றைக்குத்தான். 1918 முதல் 1930 வரை கோச். 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமம். 1930-இல் திறந்த ஸ்டேடியத்தில் அவரால் ஒரே ஒரு சீசன்தான் ஆட்டுவிக்க முடிந்தது. 1931 மார்ச் 31-இல் கான்சாஸில் விமான விபத்தில் போய்விட்டார்.

இங்கே ஆட்ட நாள் என்றால் நடப்பதுதான். பொன்மாடம் போர்த்திய மெயின் பில்டிங்கின் உள்ளே டிரம்பெட் வாசிப்பவர்கள் மாடிதோறும் நின்று வாசிப்பார்கள். கேட்க ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். ஆட்டக்காரர்களின் தலைக்கவசத் தங்க நிறம் இந்த மாடத்திலிருந்து வந்ததுதான். ஹெஸ்பர்க் நூலகச் சுவரில், 1964-இல் அமைத்த, கைகளை உயர்த்திய இயேசுவின் மாபெரும் கற்சித்திரம். டச்டவுனுக்கு நடுவர் காட்டும் சைகையும் அதே மாதிரி இருப்பதால் ரசிகர்கள் அவரை 'டச்டவுன் ஜீசஸ்' என்கிறார்கள். முன்பு களத்திலிருந்து நன்றாகத் தெரிந்த சித்திரத்தை 1997 விரிவாக்கம் பாதி மறைத்துவிட்டது. வெளியே குளத்தருகே நின்று பார்ப்பதே நல்லது.

பிறகு மரங்களுக்குள் இறங்கினால் குகைக்கோயில். பிரான்ஸின் லூர்து மாதா குகையை நகலெடுத்து 1896-இல் கட்டியது. எழுபதாயிரம் பேர் கூடும் நாளிலும் அங்கே மெழுகுவத்திகள் எரியும் சத்தம்கூடக் கேட்கும் போல ஓர் அமைதி. கிழக்கின் லூர்து என்று பெயர்பெற்ற வேளாங்கண்ணிக்கு வருடந்தவறாமல் போய்வந்த என் அம்மா அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் எங்களுக்குப் போயிற்று. அந்தப் பயணத்தில் அவர் இன்றும் பேசுவது அந்த முக்கால் மணி நேரத்தைத்தான்.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். ஆட்டக்காரர்கள் மாணவர் பகுதிக்கு முன் வந்து தோள்கோர்த்து நின்று, மாதாவை நோக்கிய கல்லூரிப் பாடலைப் பாடுவார்கள். ஓய்ந்த குரல்கள், மெதுவான மெட்டு.

*மறைந்திருக்கும் செலவு:* முதலாவது, டிக்கெட். பெரிய ஆட்டமென்றால் பழைய மாணவர்களுக்கே குலுக்கலில்தான் கிடைக்கும். நமக்குப் பெரும்பாலும் மறுவிற்பனைதான். இரண்டாவது, தங்குமிடம். சவுத் பெண்டில் அறை கிடைக்காமல் எல்கார்ட்வரை போக வேண்டிவரும். மூன்றாவது, நேரம் பற்றிய ஒரு பொறி. சிகாகோவிலிருந்து சவுத் ஷோர் ரயிலில் வரலாம், நல்ல வழிதான். ஆனால் சவுத் பெண்ட் கிழக்கு நேரம், சிகாகோ மத்திய நேரம். ஒரு மணி நேரம் வழியிலேயே காணாமல் போகும். இதை ஈடுகட்டும் ஒரு நன்மையும் உண்டு. 1991 முதல் உள்ளூர் ஆட்டங்களை என்.பி.சி. ஒளிபரப்புவதால் தொடக்க நேரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். விமான டிக்கெட்டைத் துணிந்து எடுக்கலாம்.

*இதுவே சிறந்தது எப்போது:* பெரியவர்களோடு. ஆட்டத்தில் நாட்டமே இல்லாத ஒருவர் கூட வரும்போது. ஆட்ட டிக்கெட் கிடைக்காவிட்டாலும் வெள்ளி, சனி வளாகத்தில் திரிந்தாலே பயணம் வீணாகாத ஒரே இடம் இதுதான்.

யார் எங்கே?

இருபத்திரண்டு வயதில், ரூம்மேட்டுகளோடு என்றால் யோசிக்கவே வேண்டாம், காலேஜ் ஸ்டேஷன். மாணவர் பகுதியில் நிற்க டிக்கெட் கிடைக்காவிட்டாலும் வெள்ளி நள்ளிரவை விடாதீர்கள். அங்கேயே படிக்கும் நண்பர் இருந்தால், மேல்வகுப்பினர் முதலிலும் மற்றவர்கள் அடுத்தடுத்த நாட்களிலும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவதே அங்கே ஒரு சடங்கு. அவரை முன்கூட்டியே சொல்லி நிற்க வையுங்கள்.

எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் ஆன் ஆர்பர், செப்டம்பரில். மடக்கி எடுத்துப்போகும் மெத்தை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அளவுவரை உள்ளே விடுவார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எனக்கு ஒன்றுதான் வாய்க்கும் என்றால் காலேஜ் ஸ்டேஷனுக்குத்தான் திரும்பப் போவேன். ஆனால் அப்பா அம்மாவோடு போகிறேன் என்று எழுதியவர்களுக்கு என் பதில் சவுத் பெண்ட், அக்டோபர் முதல் பாதி. ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே வளாகத்தில் இருங்கள். குகைக்கோயிலை ஆட்டத்துக்கு முன் வைத்துக்கொள்ளாமல் பின் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது யாரையும் எழுப்பிக் கிளப்ப வேண்டியிருக்காது. சிகாகோவில் ரயில் ஏறும்போதே கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுங்கள்.